ஒருநாள் பயிற்சியும் ஓயாத வன்முறையும்

இண்டூரில் ஒரு பெண் வீட்டுக்குள் அடிபடுகிறார் என்றால், அவருக்கு உதவவென்று சட்டம் நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைநகரான தருமபுரியில் இருக்கிறார். மருத்துவம், சட்டம், மனநல ஆலோசனை, சில நாள் தங்குமிடம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரவேண்டிய ஒருங்கிணைந்த சேவை மையமும் மாவட்ட அளவிலானதுதான். ஊருக்குள் இருப்பவை வேறு: ஒரு காவல் நிலையம், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர், வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டுப் போகும் மகளிர் தன்னார்வலர். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் எந்த ஊரில் இறங்கினாலும் இதே அமைப்புதான். தாய்வீட்டைத் தாண்டி ஒரு பெண் வாய் திறந்து சொன்னால், முதலில் கேட்பவர் பெரும்பாலும் இவர்களில் ஒருவராகவே இருப்பார்.

அந்த முதல் உரையாடலில் என்ன பேசப்படுகிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். ‘ஏம்மா, நீ என்ன சொன்னே, அவரு கை நீட்டற அளவுக்கு?’ என்று கேட்டுவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் மறுபடி யாரிடமும் சொல்லமாட்டார். இதைத் தடுக்கப் பயிற்சி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சி என்றால் ஒருநாள் கூட்டம், ஒரு கையேடு, மதிய உணவு, முடிவில் குழுப்படம் என்று பழகிவிட்டோம். குடும்ப வன்முறையில் கைகொடுக்கும் வேலையை அப்படி ஒரே நாளில் கற்றுவிட முடியாது. சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆபத்தை அளந்து பார்ப்பது பழகப் பழக வருவது. கேட்பவரின் மனத்தில் ஊறிப்போன நம்பிக்கைகள் ஒரு வகுப்போடு போய்விடுவதில்லை. விட்டுவிடாமல் தொடரும் பயிற்சியே பயன் தரும். அப்படிப்பட்ட பயிற்சிக்கான முன்மாதிரியைத் தருமபுரி வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

சொல்லாதவர்களே அதிகம்

2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்கிறது. இந்திய அளவில் இது 29.3 சதவீதம். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் இதில் தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. அதே கணக்கெடுப்பின்படி, வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் உதவி கேட்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. தேடியவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டாரிடம்.

இன்னொரு எண்ணும் கவனிக்கத்தக்கது. சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்கள் நாட்டில் 45 சதவீதம்; ஆண்கள் 44 சதவீதம். செவிலியரும் காவலரும் ஆலோசகரும் இந்தச் சமூகத்திலிருந்துதான் வருகிறார்கள். பணி ஆணை கைக்கு வந்த அன்றே அந்த நம்பிக்கை கழன்று விழுந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தருமபுரிக்கென்று சில சுமைகளும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான்: மொத்தம் 68.5 சதவீதம், பெண்களில் 60 சதவீதம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் அதிகம். குழந்தைத் திருமணங்கள் இன்னும் நின்றபாடில்லை. அதனால் அடிபட்டு வந்து நிற்கும் ‘மனைவி’க்கு 17 வயதே ஆகியிருக்கலாம். அப்போது குடும்ப வன்முறைச் சட்டத்தோடு போக்சோ சட்டமும் குறுக்கே வருகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் பாலியல் வன்கொடுமையே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் தெரிந்தவர் அதைத் தெரிவிப்பது கட்டாயம். இது தெரியாத பணியாளர், உதவ நினைத்தே தானும் சிக்கலில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணையும் மாட்டிவிடலாம்.

பழைய பாடம் தரும் தவறான பதில்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 11-வது பிரிவு, காவல்துறையினர், நீதித்துறையினர் உள்ளிட்ட அலுவலர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தருவதை அரசின் கடமையாக்குகிறது. பயிற்சியை ஒருமுறை தந்து முடித்துவிட வேண்டிய சடங்காக நாடாளுமன்றமும் நினைக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அதன் நியாயத்தை ஒரு வீட்டுப் பிரச்சினையை வைத்துப் பார்க்கலாம். இண்டூர் வட்டாரத்தில் வீடும் நிலமும் பெரும்பாலும் மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருக்கும். கணவன் மனைவியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறான். அந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டா? 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் வசிப்புரிமை கோர முடியாது என்றது. அதைப் படித்துப் பயிற்சி பெற்ற ஒருவர், ‘வீடு அவங்க பேர்ல இருக்கு, உனக்குப் பாத்தியம் இல்லம்மா’ என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு அது சரியான பதில். 2020 அக்டோபர் 15-ல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கியது. வீடு கணவனின் உறவினர் பெயரில் இருந்தாலும், அந்தப் பெண் குடும்பமாக வாழ்ந்த இடமென்றால் அது ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ ஆகலாம். சொத்தில் பங்கு கிடைப்பது வேறு. வெளியே துரத்தப்படாமல் இருக்கும் உரிமை வேறு. இந்த வேறுபாட்டை விளக்கத் தெரியாதவரிடம் போனால், இருக்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டு அந்தப் பெண் பேருந்து ஏறிவிடுவார்.

இது ஒன்றோடு நிற்கவில்லை. எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரையறையை 2016-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம் என்பது அதன்பிறகு தெளிவானது. பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாமலேயே நீதித்துறை நடுவர் உத்தரவு பிறப்பிக்கலாம் என்று 2022 மே மாதத்தில் பிரபா தியாகி வழக்கில் தீர்ப்பானது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகள் வந்துவிட்டன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. பத்தாண்டுகளுக்கு முன் அச்சிட்ட கையேட்டை வைத்துக்கொண்டு இன்று ஆலோசனை சொல்வது, ஆலோசனையே சொல்லாமல் இருப்பதைவிட மோசம்.

படிவம் கேட்கும் கேள்வி, நாம் கேட்காத கேள்வி

குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளோடு இணைந்த முதல் படிவம் குடும்ப நிகழ்வு அறிக்கை. பாதுகாப்பு அலுவலர் அதை நிரப்பி நடுவருக்கு அனுப்ப வேண்டும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால், சட்டத்தை எழுதியவர்கள் வீட்டுக்குள் நடப்பதை எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் என்பது புரியும். உடல்ரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் புண்படுத்துவது, பொருளாதார வன்முறை, வரதட்சணைக் கொடுமை என்று தனித்தனியாகப் பட்டியல். ஆண் குழந்தை இல்லை என்று ஏசுவதும் அதில் இருக்கிறது. பெண்சிசுக் கொலைக்காகவே பெயர் கெட்டு, தொட்டில் குழந்தைத் திட்டம் நீட்டிக்கப்பட்ட மாவட்டத்தில் அந்த ஒரு வரிக்குத் தனி எடை உண்டு. தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவதும் பட்டியலில் இருக்கிறது. ‘பஞ்சாயத்துக்குப் போனா மருந்து குடிச்சிருவேன்’ என்று கணவன் சொல்வதைக் கோபத்தில் சொன்ன பேச்சாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். சட்டம் அதை வன்முறையாகவே பார்க்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது, வேலைக்குப் போகவிடாதது, கூலியைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் பொருளாதார வன்முறை.

இவற்றை ‘உங்களுக்குப் பொருளாதார வன்முறை நடக்கிறதா?’ என்று கேட்டால் எந்தப் பெண்ணும் ‘இல்லைங்க’ என்றுதான் சொல்வார். ‘வாரக் கூலி யாரு கையில போகுது? குழு லோன் உங்க பேர்ல எடுத்தது, பணத்தை யாரு வாங்கினாங்க?’ என்று கேட்டால் கதை வெளியே வரும். படிவத்தின் மொழியிலிருந்து ஊரின் மொழிக்கு மாற்றிக் கேட்பது புத்தகத்தைப் படித்து வருவதில்லை. கேட்டு, தவறி, சக பணியாளரோடு பேசி, மறுபடி கேட்டுப் பழகினால்தான் வரும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ‘கழுத்தைப் பிடிச்சாரா?’ கன்னத்தில் விழுந்த அடியின் தடம் கண்ணுக்குத் தெரியும். கழுத்தை நெரித்ததற்குப் பல சமயம் வெளியே காயமே இருக்காது. குரல் கம்மிப்போயிருக்கலாம், எச்சில் விழுங்க வலிக்கலாம், கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். அமெரிக்காவில் நடந்த, 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று கண்டது. பிரிந்துபோகத் தீர்மானிக்கும் நேரம்தான் ஆபத்து மிகுந்த நேரம் என்பதும் இத்துறையில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. செவிலியர் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொண்டால், ‘சாதாரணக் குடும்பச் சண்டை’யும் உயிராபத்தும் வேறு வேறாகத் தெரியும்.

சேர்த்துவைக்கும் பழக்கம்

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுக்க இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பெண்கள் தயங்காமல் படியேற இவை வழிசெய்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் மனுவை வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரு தரப்பையும் உட்காரவைத்துப் புத்திமதி சொல்லி, ‘இனிமே அடிக்கமாட்டேன்’ என்று எழுதி வாங்கிச் சேர்த்துவைத்து அனுப்புவதே தீர்வு என்ற பழக்கமும் இவற்றோடு வளர்ந்தது. எழுதிக்கொடுத்தவன் மறுபடி அடித்தால் என்ன என்பதற்கு அந்தக் காகிதத்தில் பதில் இல்லை. நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அத்தகைய உத்தரவைக் கோரும் உரிமையை அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்வது காவலரின் கடமை என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது.

ஆலோசனைக்கும் அச்சட்டத்தின் விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. வன்முறைக்கு நியாயம் கற்பிக்க ஆலோசனைக் கூட்டத்தில் எதிர்மனுதாரருக்கு இடம் தரக்கூடாது. அதை அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இரு தரப்பில் யாருக்காவது உறவினராக இருப்பவர் ஆலோசகர் ஆகக்கூடாது. இது சிற்றூரில் சுலபமான விதி இல்லை. ஊக்குநர் கணவனுக்கு ஒன்றுவிட்ட அக்காவாக இருப்பார். காவலர் மாமனாரின் ஊர்க்காரராக இருப்பார். ரகசியம் காப்பதை உறுதிமொழியாக வாங்கிவிட்டால் போதாது. டீக்கடையில் யாராவது ‘அந்த விவகாரம் என்னாச்சு?’ என்று கேட்கும்போது என்ன சொல்வது என்பது வரை பேசிப் பழகவேண்டிய விஷயம் அது.

சாதியும் இதில் உண்டு. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் ஒரு கலப்புத் திருமணத்தை முன்னிட்டு மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட பெண் கணவனிடம் அடிபட்டால், ‘கொஞ்ச நாள் அம்மா வீட்ல போய் இரு’ என்ற வழக்கமான ஆலோசனை அவருக்குப் பொருந்தாது. சீருடை மீதான நம்பிக்கைக்கும் இங்கே வரலாறு உண்டு. ஆயிரம் விளக்கில் மகளிர் நிலையம் திறந்த அதே 1992-ல்தான், இதே மாவட்டத்தின் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்கள் மீது கொடுமை புரிந்தனர். அவர்கள் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த நினைவுள்ள ஊர்களில் பணியாற்றும் காவலருக்குத் தரும் பயிற்சியில் சட்டப் பிரிவுகளோடு இந்த வரலாறும் இருந்தாக வேண்டும்.

எப்படிப்பட்ட பயிற்சி பலன் தந்திருக்கிறது?

இங்கிலாந்தின் பிரிஸ்டல், லண்டன் ஹாக்னி பகுதிகளில் 48 மருத்துவ நிலையங்களில் நடந்த சோதனை 2011-ல் லான்செட் இதழில் வெளியானது. பாதி நிலையங்களில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஓர் ஆதரவுப் பணியாளரை இணைத்தார்கள். நோயாளியின் பதிவேட்டிலேயே நினைவூட்டலும் வைத்தார்கள். ஓராண்டில் அந்த 24 நிலையங்கள் 223 பெண்களை ஆதரவுச் சேவைக்கு அனுப்பின. மற்ற 24 நிலையங்கள் அனுப்பியது 12 பேரை. கேட்டுவிட்டு அடுத்து யாரிடம் அனுப்புவது என்று தெரிந்ததால்தான் அங்கே கேட்கும் துணிச்சலே வந்தது.

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடந்த ஆய்வு 2022-ல் சயின்ஸ் இதழில் வந்தது. பெண்களுக்கான உதவி மேசை, அதற்கான தனியிடம், பயிற்சி, வெளியிலுள்ள ஆதரவு அமைப்புகளோடு தொடர்பு ஆகியவை சேர்ந்த நிலையங்களில் பெண்கள் கொடுத்த புகார்கள் வழக்காகப் பதிவாவது கூடியது. பெண் காவலர்கள் மேசையை நடத்திய இடங்களிலேயே அந்த மாற்றம் பெரும்பாலும் தெரிந்தது. மும்பை பாந்திரா பாபா மருத்துவமனையில் 2000-ல் தொடங்கிய ‘திலாசா’ மையம் இன்னொரு வழியைக் காட்டியது: வெளியிலிருந்து நிபுணர் வந்து பேசிவிட்டுப் போவதற்குப் பதிலாக, மருத்துவமனையின் ஊழியர்களே பயிற்றுநர்களாகிச் சக ஊழியர்களுக்குக் கற்றுத்தந்தார்கள்.

நமக்கு அருகிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மனநலச் சிகிச்சைக்குத் தருமபுரி மக்கள் நாடிப்போகும் பெங்களூரு நிமான்ஸ், 2022 மார்ச்சில் மத்திய அரசோடு சேர்ந்து ‘ஸ்த்ரீ மனோரக்ஷா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்களின் பணியாளர்கள் 6,000 பேருக்கு மனநலப் பயிற்சி தருவது அதன் நோக்கம். கேட்பவரின் சுமையைப் பற்றியும் இத்தகைய பயிற்சி பேசியாக வேண்டும். நாள்தோறும் அடியும் சூடும் கண்ணீரும் கேட்பவருக்குத் தூக்கம் கெடும், சிலர் மரத்துப்போவார்கள், சிலர் வேலையை விட்டுவிடுவார்கள். இந்த மையங்களின் ஆலோசகர்களும் வழக்குப் பணியாளர்களும் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக எடுக்கப்படுபவர்கள். ஒருவர் விலகினால் அவர் கற்றதும் அவரோடு போய்விடுகிறது. பணி நிரந்தரம் இல்லாத இடத்தில் தொடர்பயிற்சி என்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

தருமபுரி ஏற்கெனவே கற்றுக்கொடுத்தது

இன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். பிறகே சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று அது விரிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் கணக்கு எழுதவும் வங்கி மேலாளரோடு பேசவும் ஒரே வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை. பல தவணைகளாகப் பயிற்சி நடந்தது, இடையில் கூட்டம் கூடியது, கற்றதைக் கூட்டத்தில் செய்து பார்த்தார்கள், தவறு தெரிந்தது, அடுத்த தவணையில் திருத்திக்கொண்டார்கள். ஒரு குழுவில் தேறியவர் இன்னொரு குழுவுக்கு ஆசிரியரானார்.

குடும்ப வன்முறையில் கைகொடுப்போர் பயிற்சிக்கும் இதே கட்டமைப்பு பொருந்தும். இண்டூர் அடங்கிய நல்லம்பள்ளி வட்டாரத்தில் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஊக்குநர், இண்டூர்க் காவல் நிலையத்தின் பெண் காவலர், பாதுகாப்பு அலுவலர், சேவை மைய ஆலோசகர் ஆகியோர் மாதம் ஒருமுறை கூடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பெயரும் அடையாளமும் இல்லாமல் ஒரு சம்பவத்தை எடுத்து, என்ன கேட்டோம், என்ன கேட்கத் தவறினோம், எங்கே அனுப்பினோம், அவர் போய்ச் சேர்ந்தாரா என்று பேசலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் அந்த மாதம் வந்த தீர்ப்பைச் சொல்லலாம். எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழைத்தால் எதிர்முனையில் என்ன நடக்கிறது என்பதையும் எல்லாரும் ஒருமுறை அறிந்துகொள்ளலாம். குடும்ப வன்முறை நடக்கிறது என்று நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது எந்தப் பொறுப்பும் சுமத்த முடியாது என்ற, குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-வது பிரிவைத் தெரிந்துகொண்டால் ஊக்குநரின் பயம் பாதி குறையும்.

அவசரமும் இருக்கிறது. இச்சட்டத்தின் கீழ் 4.7 லட்சம் வழக்குகள் நிலுவையில் இருப்பது 2023-ல் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் எப்படிப் போதும் என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம், மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் அலுவலர்களை அடையாளம் கண்டு பாதுகாப்பு அலுவலர்களாக அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு முழுமையாக நடைமுறைக்கு வந்தால் இண்டூர்ப் பெண் தருமபுரி வரை போகாமல் வட்ட அளவிலேயே ஓர் அலுவலரைச் சந்திக்கலாம். ஆனால் ஏற்கெனவே வேறு பொறுப்புகளைச் சுமக்கும் ஓர் அலுவலருக்கு இன்னொரு பதவிப் பெயர் சேர்வதால் மட்டும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடாது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று யார் அந்த அலுவலருக்குச் சொல்லித்தருவார்கள், அடுத்த மாதம் அவர் செய்ததை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதற்கான ஏற்பாடும் நிதியும் அந்த நியமன ஆணையோடு சேர்ந்தே வரவேண்டும். 11-வது பிரிவு அரசிடம் கேட்பது அதைத்தான்.